அண்ணனின் பன்னிரண்டு மேசைகள்

ரங்கூன் ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து லத்தா பேட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கையில் ஒரு ஜோடி வெல்வெட் செருப்பு. ஜோடி என்று சொல்வது தப்பு. இரண்டும் வலது கால். ஒன்று அண்ணனுடையது. மற்றது யாருடையது என்று எனக்குத் தெரியாது.

நடைபாதையில் பழம் விற்கிற பர்மாக்காரி என்னையும் செருப்பையும் பார்த்துவிட்டு, பர்மியத்தில் அண்ணா என்று கூப்பிட்டுச் சிரித்தாள்.

"அகோ, எந்தப் புத்தர் கோயில் வாசல்ல எடுத்தே? அடுத்த தடவை இடது காலும் சேத்து எடு."

பக்கத்தில் இருந்தவளும் சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும். சிரித்தேனா என்று ஞாபகம் இல்லை.

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஒன்றரை வருடமாக எனக்கு வலது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் போக்கர் ஆடியவர். அன்று காலையில் ஆடிக்கொண்டிருந்தபோதே அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. தூக்கிக்கொண்டு ஓடுகிற அவசரத்தில் வாசலில் கிடந்த செருப்புகளில் கைக்கு வந்த இரண்டை எடுத்துக்கொண்டேன். அண்ணி ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டிலுக்குக் கீழே பார்த்தார்.

"தம்பி, இதுல ஒண்ணுதான் அவரோடது. போயி மாத்திக் கொண்டாந்துருங்க."

அதற்காகத்தான் வெளியே வந்தேன். ஆனால் திரும்பிப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. டாக்டர் என்னிடம் "எத்தனை மணிக்கு ஆச்சு?" என்று கேட்டிருந்தார். இந்த நோய்க்கு அந்த ஒரு கேள்விதான் முக்கியம் என்று அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது. எட்டே முக்கால் என்று சொன்னேன். பார்த்தவுடனே தூக்கிவிட்டோம் என்றும் சொன்னேன். அண்ணி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நல்ல வேளை, நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றார்.

அதைக் கேட்ட பிறகு என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மௌல்மேன் பக்கம் ரப்பர் பால் எடுத்தேன். மியாவடியில் லாரிக்கு மூட்டை ஏற்றினேன். மலேசியாவில் ஐந்து வருடம் கட்டட வேலை. அங்கே தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு போனில் போக்கர் பழகினேன். எந்த ஊரிலும் எனக்கு நிலைக்கவில்லை. ஏதாவது ஒன்று தவறிப்போகும், அது மனதைப் போட்டு அறுக்கும், ஒரு நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவேன். ரங்கூனுக்குத் திரும்பி வந்தபோது எனக்கு வயது நாற்பது. பபேடானில் ஒரு டீக்கடையில் யாரோ சொல்லித்தான் அந்த வீட்டுக்குப் போனேன்.

ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மற்ற வீடுகளைப் போலவே பால்கனியிலிருந்து தெருவுக்கு ஒரு கயிறு தொங்கும், நுனியில் கிளிப் இருக்கும். டீயும் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸும் அந்தக் கயிற்றில்தான் மேலே வரும். உள்ளே நீளமாக இரண்டு மேசை, எட்டு மடிக்கணினி, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. முதலாளி லத்தாவைச் சேர்ந்த சீனர். லோபான் என்று கூப்பிடுவோம். பணம் போடுவது அவர், ஆடுவது நாங்கள். காலையில் ஆறு மணிக்கு உட்கார்வோம், அமெரிக்காக்காரன் சாப்பிட்டுவிட்டுச் சீட்டுக்கு வருகிற நேரம் அதுதான். ஒரு மணிக்கு எழுந்துவிடுவோம்.

ஆளுக்குப் பன்னிரண்டு மேசை. திரையில் பன்னிரண்டு சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆட்டம், எல்லாம் ஒரே நேரத்தில். எங்கே நம் முறை வருகிறதோ அந்தக் கட்டம் மின்னும். இரண்டு வினாடிக்குள் முடிவெடுத்து அமுக்க வேண்டும். பெரும்பாலும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போவதுதான். ஒரு தடவை சீட்டுப் போட்டு முடிவது ஒரு கை. இப்படி மணிக்குத் தொள்ளாயிரம் கை ஆடுவோம். பெரிய ஆட்டக்காரர்களைப் போல யாரையும் மடக்கி ஜெயிக்கிற வேலை இல்லை இது. மாதம் ஒன்றரை லட்சம் கை ஆடி முடித்தால், மேசைகளை நடத்துகிற கம்பெனி ஒவ்வொரு கையிலும் பிடித்துக்கொள்கிற கூலியில் ஒரு பங்கு திரும்பி வரும். அதுதான் எங்கள் சம்பளம். ஒன்றரை லட்சத்துக்கு ஆயிரம் குறைந்தாலும் அந்தப் பங்கு வராது.

அதனால் யாரும் ஜெயிப்பதைப் பற்றியோ தோற்பதைப் பற்றியோ நினைப்பதில்லை. நினைக்கக் கூடாது. திரையில் இருப்புத் தொகை தெரிகிற மூலையில் எல்லாரும் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டியிருப்போம். மாதக் கடைசியில் லோபான்தான் பிரிப்பார். எனக்கு முதல் நாளே அந்தத் தாளைக் கிழித்துக் கொடுத்தது அண்ணன்தான்.

"ஒட்டிக்க தம்பி. அத பாத்தேன்னா உன் கை நடுங்கும். சரியா ஆடுனியா, அடுத்த கை. தப்பா ஆடுனியா, அதுவும் அடுத்த கை. அவ்வளவுதான் ஜோலி."

அவர் கிறிஸ்தவர். அவர் அப்பாவும் தாத்தாவும் ஆபீஸ் குமாஸ்தாக்கள். அவரும் ஒரு கப்பல் ஏஜென்டிடம் இருபத்து மூன்று வருடம் குமாஸ்தா. அந்த ஆபீசை மூடிய பிறகு இங்கே வந்தார். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, டிபன் கேரியரோடு, ஆபீசுக்கு வருகிற மாதிரியே வருவார். உட்கார்ந்ததும் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு முதல் மேசையைத் திறப்பார்.

எதிர் வரிசையில் ஒரு பர்மாக்காரர், பழைய பள்ளிக்கூட வாத்தியார். ஸயா என்று கூப்பிடுவோம். அவர் கேட்பார், "ஏன் அகோ, கடவுள்கிட்ட நல்ல சீட்டா கேக்குறீங்க?"

"இல்ல ஸயா. கரண்ட் போகாம இருக்கணும்னு."

"அது கடவுள் டிபார்ட்மென்ட் இல்லையே."

எனக்கு அந்த வேலை பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் எனக்குப் பிடித்த ஒரே வேலை அதுதான். அதுவரை நான் எதை இழந்தாலும் அது ஒன்றாக, தனியாக, எதிரே வந்து நிற்கும். இங்கே ஒரு மணி நேரத்தில் எழுநூறு தடவை தோற்கிறோம். எதற்கும் கனமில்லை. மூன்று மாதத்தில் உடம்பே மாறிவிட்டது. பஸ்ஸில் ஒருவன் என் போனை அடித்துக்கொண்டு போனான், நான் இறங்கி நடந்தேன். மலேசியாவில் எனக்காகக் காத்திருப்பதாகச் சொன்ன பெண் வேறு ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று செய்தி வந்தது. யபாடே என்று சொன்னேன். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தை. நான் வாயால் சொல்லவில்லை, எலும்பிலிருந்து சொன்னேன். சந்தோஷமும் அதே மாதிரி போய்விட்டது என்பதைக் கவனிக்க இன்னும் கொஞ்ச நாள் ஆனது. அதற்கும் யபாடே.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பாதி ஆட்டத்தில் எழுந்திரிக்க முடியாது. எழுந்தால் பன்னிரண்டு மேசையிலும் நேரம் கடந்து கை தானாகக் கவிழும், எண்ணிக்கையும் நிற்கும். அதனால் கக்கூசுக்குப் போகிறவர் "புடி" என்பார். பக்கத்து ஆள் கையை நீட்டி அந்த மவுஸையும் வாங்கிக்கொண்டு இருபத்து நான்கு மேசையையும் பார்த்துக்கொள்வார். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்று கேட்கக் கூடாது. திரும்பி முகத்தைப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் கண் திரையை விட்டுப் போய்விடும். பிடித்து ஆடிய கையெல்லாம் நாற்காலிக்காரருடைய கணக்கில்தான் சேரும், பிடித்தவர் கணக்கில் இல்லை. இதில் யாரும் யாரையும் ஏமாற்றி நான் பார்த்ததில்லை.

அன்று காலையில் அண்ணன் இரண்டு மேசையில் நேரத்தைத் தவறவிட்டார். மணி அடித்தது. அவர் அப்படி விடுகிறவர் இல்லை. சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் "புடி" என்றார். குரல் கொழகொழவென்று இருந்தது. வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தேன். அண்ணன் வெற்றிலை போடுகிறவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாகத் தெரியும்.

கையை நீட்டினேன். அவர் கை இன்னும் மவுஸின் மேலேயே இருந்தது. விரல்களை எடுத்து ஒதுக்கிவிட்டு மவுஸை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். விரல்கள் கனமாக இருந்தன. கனமாக இருப்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. ஆனால் நான்கு மேசையில் கட்டம் மின்னிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து போகவில்லை. மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். சரி, கொஞ்சம் படுக்கட்டும் என்று ஆடினேன். இடது கையில் என் மவுஸ், வலது கையில் அவருடையது. இருபத்து நான்கு மேசை. சாதாரணமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் யாராலும் தாங்க முடியாது. எனக்கு அன்று எல்லாம் தானாக நடந்தது. கண் போவதற்கு முன்னால் விரல் போனது. இரண்டு கைகளும் என்னுடையவை இல்லாத மாதிரி, நான் எங்கோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அண்ணனுடைய மேசை ஒன்றில் ஒரு பெரிய கை வந்தது. எதிராளி கையில் இருந்த எல்லாவற்றையும் நடுவில் வைத்தான், முழுவதையும் வாரினேன். ஜெயித்ததைச் சொல்லிக்கொள்வது எங்களுக்குள் வழக்கமே இல்லை. அன்று சொன்னேன்.

"அண்ணே, உங்களுக்கு ஒரு பெரிய கை அடிச்சுட்டேன்."

தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

பிறகு கரண்ட் போனது. மடிக்கணினிகளும் இன்டர்நெட்டும் பேட்டரியில் ஓடும், மின்விசிறிகள் நின்றுவிடும். எங்கள் அறையில் மூன்று விசிறிகள், பெரிய சத்தம் போடுபவை. அவை நின்றதும் மூச்சுச் சத்தம் கேட்டது. குறட்டை மாதிரி, ஆனால் குறட்டை இல்லை. ஸயாதான் முதலில் தலையைத் தூக்கினார்.

"அது யாரு?"

அப்போதுதான் நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணனின் வாய் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. கன்னத்துக்குக் கீழே மேசை நனைந்திருந்தது. ஒரு கண் திறந்திருந்தது. அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவரை உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி, ஆறு மாடியும் இறக்கினோம். முன்னால் ஸயா, பின்னால் நான். மற்ற ஐந்து பேரில் இருவர் எழுந்து கதவு வரை வந்துவிட்டுத் தங்கள் மேசைக்குத் திரும்பினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் கதவு வரைகூட வந்திருக்க மாட்டேன்.

லத்தாவிலிருந்து இதையெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்து பபேடானுக்கு வந்தேன். பிரியாணிக் கடையில் மத்தியானக் கூட்டம். ஆறு மாடி ஏறினேன். ஒரு மணி ஆகிவிட்டதால் எல்லாரும் போயிருந்தார்கள், ஸயாவும் லோபானும் மட்டும் இருந்தார்கள். ஸயா என் கையைப் பார்த்தார்.

"நீதானா அது? நான் ரெண்டு இடது காலைப் போட்டுக்கிட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்தேன். கடைக்காரன் நான் காலையிலேயே குடிச்சுட்டேன்னு நினைச்சுட்டான்." சிரிக்காமல்தான் சொன்னார். "எப்படி இருக்காரு?"

"உசிரு இருக்கு."

அவர் தன் வலது செருப்பை வாங்கிக்கொண்டு அண்ணனுடைய இடது செருப்பைக் கொடுத்தார். இப்போது என் கையில் சரியான ஜோடி இருந்தது.

டிபன் கேரியரையும் எடுத்துக்கொள்ளலாம் என்று அண்ணன் இடத்துக்குப் போனேன். மடிக்கணினி திறந்தே இருந்தது. ஒவ்வொரு கையும் எத்தனை மணி, எத்தனை நிமிடம், எத்தனை வினாடிக்கு ஆடப்பட்டது என்று அதில் பதிவாகும். நான் பார்க்காமல் போயிருக்கலாம். பார்த்தேன். அண்ணன் கடைசியாக அமுக்கியது எட்டு மணி நான்கு நிமிடம். அதற்கு ஒன்பது வினாடி கழித்து நான் ஆடிய முதல் கை. கரண்ட் போனது எட்டு நாற்பத்தைந்து.

நாற்பத்தொரு நிமிடம். பத்து நிமிடம் இருக்கும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து என்று நினைத்துக்கொண்டுதான் அந்தப் பத்தையும் டாக்டரிடம் மறைத்தேன்.

லோபான் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பர்மியத்தில் ஞீலே, தம்பி என்றுதான் என்னைக் கூப்பிடுவார். அவரும் பார்த்திருக்கிறார்.

"ஞீலே, நான் முழுசும் ஓட்டிப் பார்த்துட்டேன். இருபத்து நாலு மேசை, நாப்பது நிமிஷம். ஒரு தப்புகூட இல்ல. இங்க யாரும் இதைப் பண்ணினது இல்ல. நாளையிலேருந்து ரெண்டு நாற்காலியும் நீயே பாரேன். இல்லேன்னா நான் வேற ஆளைப் போடணும். புது ஆள் வந்தா எண்ணிக்கை புது ஆளுக்கு, அவருக்கு இல்ல. அது உனக்கே தெரியும்."

"நான் வேலையை விடுறேன் லோபான்."

"எங்க போவே?"

"தெரியாது."

அவர் வற்புறுத்தவில்லை. "சாயங்காலம் வரைக்கும் யோசி" என்றார்.

கீழே இறங்கிக் கிழக்கே நடந்தேன். எனக்குப் பழகிய வழி இதுதான், ஆற்றைப் பார்த்து நடப்பது. போட்டாதாங் படகுத்துறைக்கு வந்தபோது மூன்று மணி. டெல்டா பக்கம் போகிற படகில் வாழைத்தாரும் மோட்டார் சைக்கிளும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கிடங்கு வாசலில் மேஸ்திரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வேலை கேட்டேன். என் தோளைப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தார்.

"பொம்பளை கை மாதிரி இருக்கே. என்ன வேலை பார்த்தே?"

"உக்காந்து பார்க்குற வேலை."

"பயறு மூட்டை உக்காந்துக்கிட்டு ஏறாது. நாளைக்கு ஆறு மணிக்கு வா. முதுகு தாங்குனா மறுநாளும் வா."

சரி என்றேன். மனதுக்கு லேசாகக்கூட இருந்தது. ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் ஆட்டத்தில் ஒரு முடிவு சரியா தப்பா என்பதை அந்த ஒரு கையை வைத்துப் பார்க்கக் கூடாது. அதே நிலைமை ஆயிரம் தடவை வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். பக்கத்து ஆள் தலையைச் சாய்க்கிறார். ஆயிரம் தடவையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு தடவை அது தூக்கம்தான். நான் தொடர்ந்து ஆடியது சரி. கணக்கு சரியாகவே வந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன், ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது. அண்ணன் ஒருவர்தான் இருக்கிறார் என்பதை அந்தக் கணக்கில் எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

படகு புறப்பட்டது. நான் ஏறவில்லை. செருப்பைக் கொடுக்காமல் போனால் அண்ணி அதற்காக இன்னொரு முறை அலைய வேண்டியிருக்கும். அந்த ஒரு காரணத்தைத்தான் என்னால் பிடித்துக்கொள்ள முடிந்தது. திரும்பி நடந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அண்ணி வராந்தாவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். நோயாளிக்கு வேண்டியதைக் கூட இருக்கிறவர்கள்தான் பார்க்க வேண்டும் என்பதால் வராந்தா முழுவதும் குடும்பங்கள். அண்ணியின் அம்மா பர்மாக்காரி. அண்ணி பேசுகிற தமிழில் பாதி பர்மிய மொழி. வீட்டில் சமைத்து, போட்டாதாங் கிடங்கு ஆட்களுக்குச் சோறு விற்கிறவர். டிபன் கேரியரைப் பாயோரம் வைத்துவிட்டு, செருப்பை வாங்கி, உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே முன்பக்கம் வெளியே பார்க்கும்படி ஜோடியாக வைத்துவிட்டு வந்தார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். அண்ணன் விழித்திருந்தார். வலது கை போர்வைக்கு மேலே, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை.

"சாப்பிட்டீங்களா தம்பி?" என்றார் அண்ணி.

"அண்ணி, காலையில டாக்டர்கிட்ட நான் சொன்ன நேரம் தப்பு."

எனக்கு உட்கார இடம் விட்டுப் பாயில் நகர்ந்தார்.

"எட்டு மணிக்கே வந்துருச்சு. நான் தூங்குறாருன்னு நினைச்சேன். நாப்பத்தோரு நிமிஷம்."

"நாப்பத்தோரு நிமிஷம்" என்று அவர் திரும்பச் சொன்னார். பிறகு பர்மியத்தில் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். "அது வரைக்கும் நீங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"அண்ணன் புடின்னு சொன்னாரு. அவரு மேசையைப் புடிச்சு ஆடிக்கிட்டு இருந்தேன்."

"பக்கத்துலயே உக்காந்து."

"ஆமா."

"ஜெயிச்சுதா, தோத்துச்சா?"

"தெரியாது அண்ணி. ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கும்."

எதிரே ஒரு குடும்பம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து உட்கார்ந்தது. அதில் ஒரு கிழவர் எங்களையும் சாப்பிட வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அண்ணி அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கிய பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"டாக்டர்கிட்ட இப்பவே போயி சொல்லிட்டு வாங்க."

போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். நான் சொன்னதைத் தாளில் திருத்தி எழுதிக்கொண்டார். அப்போதே கொண்டு வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டேன். "முன்னாடி வந்திருந்தா முன்னாடி பார்த்திருப்போம்" என்றார். அதைத் தோண்டிக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பேச்சு வருமா என்றேன். காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். கை? டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தபோது அண்ணி பாயிலேயே இருந்தார்.

"வீட்டுல காலண்டர்ல அவரு தினமும் எழுதி வைப்பாரு" என்றார். "இன்னைக்கு எத்தனை கை, இன்னும் எத்தனை கைன்னு. நேத்து எழுதினது அம்பத்தாறாயிரம் பாக்கி. மாசம் முடிய இன்னும் ஒம்பது நாள்."

"ஆமா."

"அது முடியலேன்னா இந்த மாசம் அவரு உக்காந்தது எல்லாம் சும்மாத்தான். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அப்ப நீங்க புடிங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் சொன்னேன், "அண்ணி, நான் அதை விட்டுட்டேன். துறையில வேலை சொல்லியிருக்காங்க. நாளைக்கு ஆறு மணிக்கு."

"மூட்டை அங்கயேதான் இருக்கும். ஒம்பது நாள் கழிச்சுத் தூக்குங்க." இப்போது அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அவரு உங்ககிட்டத்தானே புடின்னாரு. விடுன்னு இன்னும் சொல்லலையே. நாப்பது நிமிஷம் புடிச்சீங்கல்ல. ஒம்பது நாள் புடிங்க."

அதுவரை என்னிடம் பேசும்போதெல்லாம் அவர் தம்பி என்று ஒரு தடவையாவது சொல்வார். நான் உண்மையைச் சொன்ன பிறகு அன்று சாயங்காலம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

லோபானுக்குப் போன் போட்டேன். வாசலில் நின்று இரண்டு நிமிடம் பேசினேன். பிடிப்பதாக இருந்தால் சரி, நாற்காலி அண்ணனுடையது, எண்ணிக்கையும் அண்ணனுடையது என்றார். இருபத்து நான்கு மேசையை ஏழு மணி நேரம் தாங்குமா என்று கேட்டார். தாங்கும் என்றேன். அது பொய் இல்லை. எனக்குத் தாங்கும் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அதுதான் அன்று நான் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்குப் படியேறினேன். போட்டாதாங்கில் மேஸ்திரி என்னை எதிர்பார்த்திருக்க மாட்டார், அவருக்கு ஆள் பஞ்சமில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்தேன். ஸயா எனக்கு முன்பே வந்திருந்தார். அண்ணனை இறக்கிய நாற்காலியை யாரோ மேலே கொண்டு வந்து, கழுவி, அதன் இடத்திலேயே போட்டிருந்தார்கள். கால் ஒன்று லேசாக வளைந்திருந்தது. என் நாற்காலியை இரண்டு மடிக்கணினிக்கும் நடுவில் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். அண்ணன் தன் மவுஸின் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார், குமாஸ்தா கை. அதை மாற்றலாமா என்று யோசித்தேன். மாற்றவில்லை.

"யாருக்கு?" என்று ஸயா எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டார்.

"அண்ணனுக்குப் புடிக்கிறேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தன் திரைக்குப் போனார். தெருவில் யாரோ "மீ லாபி!" என்று கத்தினார்கள். கரண்ட் வந்துவிட்டது. தலைக்கு மேல் மூன்று விசிறிகளும் சுற்ற ஆரம்பித்தன, அதற்குப் பிறகு வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஒட்டுத்தாளின் ஒரு முனை அண்ணன் திரையில் பிரிந்திருந்தது. விரலால் அழுத்தி ஒட்டினேன். முதலில் அவருடைய பன்னிரண்டு மேசைகளைத் திறந்தேன்.